வாடாமல்லி நிறத்தில் ஒரு வெடிகுண்டு

அத்தியாயம் ஐந்து

வெடிகுண்டு முற்றத்தின் நடுவில் கிடந்தது. அதைச் சுற்றி இடுப்பளவுக்கு மணல் மூட்டை. மூட்டையிலிருந்து முப்பதடி தள்ளிப் பொலிஸ்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் ஜீப். ஜீப்புக்கும் பின்னால் இன்ஸ்பெக்டர்.

அழகுமுத்து முதலில் மூட்டைகளைத்தான் பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் வேறு எதைப் பார்ப்பான்?

"அடுக்கத் தெரியாத பயலுக. குண்டு வெடிக்க வேணாங்க ஐயா, ஒருத்தன் தும்முனா போதும், சரிஞ்சிடும்."

"வாயை மூடிக்கொண்டு நில்லு. நாங்கள் மொழிபெயர்க்க வந்தனாங்கள்" என்றார் நாகேந்திரம்.

நாகேந்திரம் துப்பறிவாளர். வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்கு மேலே அவருடைய நிலையம். வருகிற கேஸ் பத்தில் ஒன்பது மாப்பிள்ளை விசாரணை. கனடா மாப்பிள்ளை மெய்யாகவே என்ஜினியரா, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பது. யுத்தம் முற்றிய பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பிடிபட்ட தமிழர்களின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுக்கப் பொலிசுக்கு ஆள் வேண்டும். நாகேந்திரம் அதைச் சும்மா செய்து கொடுத்தார். அதனால் எந்தக் காவலரணுக்குள்ளும் அவர் தலையை நுழைக்கலாம்; தலையை நுழைத்தால் மற்றதெல்லாம் தானே உள்ளே வரும்.

அழகுமுத்து அவருடைய உதவியாளன். முதுகு கைவிட்ட பிறகு துறைமுகத்தை விட்டவன். முப்பத்தெட்டு வயதில், மூட்டைகளில் அடித்திருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கப் பழகியவன். இன்றைக்கு அவன் வந்தது சம்பளத்துக்காக அல்ல. காவலறை ஜன்னல் கம்பியோடு விலங்கு போட்டு உட்கார வைத்திருந்த ஆள் அவனுடைய தங்கை சீனியம்மாவின் புருஷன், சங்கிலி.

சங்கிலியும் நாட்டாமிதான். சந்தியில் நின்று, கூப்பிட்டவர்களுடைய சாமானைத் தூக்கிக்கொண்டு போவது அவன் தொழில். நேற்றுப் பின்னேரம் ஒரு பொட்டலத்தோடு போனவனைச் சோதனைச்சாவடியில் மறித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததுதான் முற்றத்தில் கிடக்கிறது.

"யாருடா மச்சான் குடுத்தது?"

"பாமன்கடைச் சந்தியில நின்னேன் மச்சான். குடை புடிச்ச ஐயா ஒருத்தர் வந்தாரு. கொட்டாஞ்சேனைல கோயில் வாசல்ல போய் நில்லு, ஒருத்தர் வந்து வாங்கிக்குவாருன்னாரு. பேரு கேட்டேன். பேரெல்லாம் வேணாம், பேரு போட்டா பிரச்சினைன்னாரு."

நாகேந்திரம் நெற்றியைத் தடவினார். "பேர் இல்லாத பொட்டலம், பேர் சொல்லாத ஆள், கோயில் வாசலில கைமாத்து. எங்கட ஆக்கள் பயத்தில செய்யிறதெல்லாம் அச்சடிச்ச சதி மாதிரியே வந்து நிக்கும்."

இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பின்னாலிருந்து சிங்களத்தில் குரல் கொடுத்தார். "மிஸ்டர் நாகேந்திரம், நீங்களே பாருங்கள். இரண்டு பொத்தான், மூன்று இழுகயிறு, ஒரு குழாய். இது தற்கொலை அங்கி இல்லையென்றால் வேறென்ன?"

"கடலுக்கடியில் முக்குளித்துச் சுழியோடுகிறவர்கள் போடும் ஜக்கெட், சேர். உல்லாசப் பயணிகள்கூடப் போடுகிறார்கள்."

"கடலா? அப்படியென்றால் இன்னும் மோசம். கடல் வழியாக வந்து கப்பலுக்குக் குண்டு வைக்கிறவன்."

"வாடாமல்லி நிறத்தில் போட்டுக்கொண்டா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் சந்தேகப்படக் கூடாதென்றுதான் அந்த நிறம்."

"கறுப்பாக இருந்திருந்தால்?"

"கறுப்பென்றால் சந்தேகமே இல்லையே!"

இன்ஸ்பெக்டரே தொடர்ந்தார். "அது மட்டுமில்லை. கீழ் ஓரத்தில் மஞ்சள் தூள். ரசாயனம். பகுப்பாய்வாளர் வந்து பார்க்கும் வரை கிட்டப் போக முடியாது."

"எப்போது வருவார்?"

"வியாழக்கிழமை."

"இவனை ஏற்றிப் போகிற வேன்?"

"இன்றைக்கு நாலு மணிக்கு."

அந்த வேனில் ஏறியவர்கள் எத்தனை மாதத்தில் திரும்புவார்கள், திரும்புவார்களா என்று வேன் சாரதிக்கும் தெரியாது. நாகேந்திரம் பொலிஸ்காரர் ஒருவரிடம் தொலைநோக்கியை வாங்கி, அந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். அழகுமுத்துவுக்கு அது தெரிந்த சிரிப்பு. மனுஷன் அந்தச் சிரிப்புச் சிரித்தால் ஒரு முனை கையில் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"சேர், நாலு மணிக்குள் இதன் சொந்தக்காரர் வந்தால்?"

"அடையாள அட்டை, பற்றுச்சீட்டு எல்லாவற்றோடும் வந்து 'இது என்னுடையது' என்று சொன்னால் எனக்கும் ஒரு தலையிடி மிச்சம். ஆனால் இந்த நாளில் எந்தத் தமிழன் அப்படி வந்து சொல்வான்?"

"அதுதான் என்னுடைய தலையிடியும்" என்றார் நாகேந்திரம்.

வாசலில் சீனியம்மா நின்றாள். விடிந்ததும் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைக்கு ஓடி வக்கீல் தேடிவிட்டு வந்திருந்தாள்.

"மூணு லோயரு பீஸ முதல்ல வையின்னாங்க அண்ணே. நாலாவது ஐயா ஒருத்தர், ஸ்ரீஸ்கந்தராசாவாம், உக்கார வச்சுக் கேட்டாரு. என்ன பொட்டலம்னு சொன்னதும், கேஸு எடுக்க ஏலாதுன்னுட்டாரு. ஆனா பீஸும் வேணாம்னாரு. பஸ்ஸுக்குன்னு கையில காசு வேற குடுத்தாரு. அப்படியொரு நல்ல மனுசன்!"

"நல்ல மனுசன்தான்" என்று நாகேந்திரம் ஒரு மாதிரியாக இழுத்தார். "நீ இங்கேயே நில்லு பிள்ளை. நாலு மணிக்கு முதல் வாறம்."

மணி பத்தரை.

*

பஸ்ஸில் நின்றுகொண்டே நாகேந்திரம் கேட்டார். "அழகுமுத்து, உன்ர வீட்டில புதுத்துணி எடுத்தா முதல் என்ன செய்வியள்?"

"என்ன செய்வோம், ஓரத்துல கொஞ்சம் மஞ்சத் தடவி சாமிகிட்ட..." பாதியில் அவன் வாய் நின்றது. "ஐயா! ரசாயனம்!"

"மெதுவா. பஸ்ஸுக்குள்ள அந்தச் சொல்லைச் சொல்லாதை. பின்னால இருக்கிறவர் இறங்கி ஓடிப்போவார்."

"இத அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னால் என்ன சொல்லுவினம்? இவங்கள் வெடிகுண்டுக்கும் மஞ்சள் தடவுறாங்கள் எண்டுதான். மஞ்சளால ஆள் தப்பாது. மஞ்சள் தடவின ஆள் வரவேணும்." அவர் விரலை மடக்கினார். "கடலுக்குப் போற ஜக்கெட்டைப் புடவை மாதிரி சாமியறையில வச்சு எடுத்த வீடு. அப்ப அது நல்ல காரியத்துக்கு வாங்கினது. இதுமாதிரிச் சாமான் கொழும்பில எங்க விப்பினம்?"

இந்த ஒரு கேள்விக்கு அழகுமுத்து துப்பறிய வேண்டியிருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் விற்கும் மஷூரின் கடைக்கு அவன் சுமந்த பெட்டிகளை அடுக்கினால் ஒரு மாடி வீடு வரும்.

கடை வாசலில் நங்கூரம், கயிறு, ரப்பர் சப்பாத்து. உள்ளே ஒரு கம்பியில் வரிசையாக ஜக்கெட்டுகள், எல்லாம் கறுப்பு. மஷூர் அழகுமுத்துவைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாடாமல்லி கலர் பி.சி.யா? அத வித்த நாள்லேந்துதான் எனக்கு நல்ல நித்திர! மூணு வருஷம் தொங்கிச்சி நானா. வெள்ளக்காரன்கூட எடுக்கல்ல."

"பி.சி. எண்டால்?" என்று நாகேந்திரம் கேட்டார்.

"இதுதான். காத்த அடச்சா மேல வருவீங்க, காத்த விட்டா கீழ போவீங்க. நடுவுல நிக்கோணும்டா நடுவுல நிக்கலாம். முதுகுல சிலிண்டர் மாட்டியதும் இதுலதான்." மஷூர் ஒரு கறுப்பு ஜக்கெட்டை இறக்கி, கேட்காமலே அழகுமுத்துவின் தோளில் மாட்டி வார்களை இறுக்கினார். "நான் எல்லாருக்கும் செல்லியது இதுதான். மொதல்ல உடம்பு அளவு. காத்து முழுசா அடச்சாலும் நெஞ்சு நெரியப்படாது. கைய மேல தூக்குங்க... பாத்தீங்களா, ஜக்கெட் கூட வரல்ல. தொளதொளன்டு ஈந்தா தண்ணிக்குள்ள காதுக்கு ஏறிடும், ஆள் ஒரு பக்கம் சரிவாரு. பொறகு, எவ்வளவு பாரத்தத் தூக்கும்டு பாக்கோணும். ஈயக்கட்டி போடுற பை இழுத்த ஒடனே கழரோணும். கலர் பாக்கியது கடைசி. மீனுக்குக் கலர் முக்கியமில்ல."

அழகுமுத்து இடுப்பு வாரைத் தடவிப் பார்த்தான். பாரம் முழுக்க இடுப்பில் உட்கார்ந்திருந்தது, தோளில் ஒன்றுமேயில்லை.

"இதப் போட்டுக்கிட்டு மூட்ட தூக்கலாங்களா?"

"ஆரும் கேட்டதில்ல."

"கடலுக்குள்ள வெளயாடப் போறவனுக்கு முதுகு நோகக் கூடாதுன்னு இவ்வளவு யோசிச்சிருக்கானுங்க. எங்களுக்கு ஒரு சாக்கு குடுத்தானுங்க, தலையில மடிச்சுப் போட."

"கழற்று" என்றார் நாகேந்திரம். "வாடாமல்லியை எடுத்தது ஆர்?"

"ரெண்டு பேர் வந்த. ஐயா ஒருத்தர், குடையோட. அம்மா ஒருத்தங்க. அம்மா பேசின, ஐயா தலையாட்டின. பொண்ணுக்குக் கலியாணமாம், மாப்பிள்ளைக்குப் பரிசு. நான் இப்ப செல்லின எல்லாத்தையும் செல்லின. அம்மா என்ன கேட்ட தெரியுமா? தண்ணி பட்டா சாயம் போவுமா?"

"கடலுக்குள்ள போடுறதுக்கா?"

"பொறகு கேட்ட, தண்ணி பட்டா சுருங்குமா?"

அழகுமுத்து சிரிப்பை அடக்க நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கறுப்பு வாணாமாம். மங்கல காரியத்துக்குக் கறுப்பு குடுக்க ஏலாதாம். கறுப்பில்லாதது அது ஒண்டுதான், அதுவும் எக்ஸ்ட்ரா லார்ஜ். மாப்பிள்ளட போட்டோவ காட்டின, பொடியன் ஈர்க்குமாறு மாதிரி. மீடியமே தாராளம், இது ரெண்டு அளவு பெரிசுன்டு நான் செல்லின. அம்மா செல்லிய, பெரிசா எடுத்தாத்தான் பிறகும் உதவும், எங்கட பிள்ளை சமைச்சுப் போட்டா ஆறு மாசத்துல சரியா வரும்டு."

பள்ளிக்கூடச் சட்டையை மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கிற கை அது என்று அழகுமுத்து நினைத்தான். அவனுடைய வீட்டிலும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தில் பாமன்கடை மாடிவீடும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் குடிசை வீடும் ஒன்று.

"பேர் சொன்னவையோ?"

"இல்ல. ஆனா பில் ஈக்கி. ஐயாவே எழுதின. நான் சிரிக்கியதுக்கு வச்சீக்கிறேன்." மேசை லாச்சியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். அழகுமுத்து வாங்கி, கூட்டிக் கூட்டி வாசித்தான்.

"'மேற்படி கடைக்காரரால் விற்கப்பட்டதும், வாடாமல்லி நிறமுடையதுமான காற்றடைக்கும் மேலங்கி ஒன்று. இதற்கு எல்லை: வடக்கு, கழுத்துப் பட்டி. கிழக்கு, காற்றுக் குழாயும் இரண்டு பொத்தான்களும். தெற்கு, இடுப்பு வார். மேற்கு, இழுகயிறு. இவ்வெல்லைக்குள் அடங்கிய பைகளும் வளையங்களும் முழுவதும்.' ஐயா, இது ஜக்கெட்டா, காணியா?"

நாகேந்திரத்தின் கண் மின்னியது. "காணி உறுதிப் பத்திரம் எழுதி எழுதிக் கை பழகின மனுசன். கோட்டில வாதாடுற அப்புக்காத்து, அதோட பத்திரம் பதியிற நொத்தாரிசு. கையெழுத்து எங்கே?"

"என்னைத்தான் வைக்கச் செல்லின. என்ட ஆக்கள் ரெண்டு பேர சாட்சிக்கு வைக்கச் செல்லின. அவரு வைக்கல்ல."

"நொத்தாரிசேதான். இனிச் சந்தேகமில்லை."

தெருவுக்கு வந்ததும் அழகுமுத்து கேட்டான். "புதுக்கடையில ஆயிரம் வக்கீலுங்க. எவர்னு தேடுறது?"

"புதுக்கடையில பீஸ் வேண்டாம் எண்டு சொன்ன அப்புக்காத்தை நீ கேள்விப்பட்டிருக்கிறியோ?"

அழகுமுத்து நடுத்தெருவில் நின்றுவிட்டான். நல்ல மனுசன்! பஸ்ஸுக்குக் காசு வேறு கொடுத்தாரே!

*

ஸ்ரீஸ்கந்தராசாவின் அறை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. கறுப்புக் கோட்டு, பெரிய வயிறு, கதவு மூலையில் குடை. மேசையில் அரையடி உயரத்துக்குக் கலியாணக் கார்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள்.

நாகேந்திரம் பில்லின் பிரதியை மேசையில் வைத்தார். அப்புக்காத்து அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை அழகுமுத்து பார்த்தான்.

"எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"வடக்கு கழுத்துப் பட்டி" என்றார் நாகேந்திரம்.

அப்புக்காத்து எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சரி, ஒரு பேச்சுக்கு, அது என்ர எண்டே வையுங்கோ. ஒரு பேச்சுக்கு. மாப்பிள்ளை மாலைதீவில சுழியோடப் படிப்பிக்கிறவர். சீதனமே வேண்டாம் எண்டவர், இது ஒண்டைத்தான் ஆசைக்குக் கேட்டவர். அவற்ரை மாமன் நாளைக்கு விமானம் ஏறுறார். அவரிட்டைச் சேர்க்கத்தான் குடுத்தனுப்பினது. ஒரு பேச்சுக்கு! இதை என்ர எண்டு நான் போய்ச் சொன்னால், பொலிஸ் வீட்டு வாசலுக்கு வரும். வந்தால் இந்தச் சம்பந்தம் நிக்குமோ? நான் ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தனான்."

"எங்க மச்சானுக்கு ரெண்டு பொண்ணுங்க ஐயா" என்றான் அழகுமுத்து.

"தம்பி, மிஞ்சினால் மூண்டு மாசம். பிறகு விட்டிடுவினம். உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

அழகுமுத்துவின் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. நூற்றுப்பத்து இறாத்தல் மூட்டையைத் தூக்கிய கை. மேசை என்ன பாரம் வந்துவிடப் போகிறது?

"பழக்கந்தாங்க" என்றான். "அடுத்தவங்க சாமானத் தூக்கி நல்லாப் பழக்கம். அடுத்தவங்க பயத்தத் தூக்குறதுதான் புதுசா இருக்கு. அதுக்கு எங்க புடிக்கிறதுன்னு தெரியல."

அப்புக்காத்து ஜன்னலைப் பார்த்தார். நாகேந்திரம் சட்டென்று எழுந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிழையான ஆளிட்டை வந்திட்டம். அழைப்புக்கு நன்றி" என்று ஒரு கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அழகுமுத்து ஓடி வந்து மறித்தான். "என்னங்க இது! ஆளே கையில ஆம்புட்டாரு, மணி ரெண்டாகப் போவுது, விட்டுட்டு வர்றீங்க?"

"அவர் வரமாட்டார். கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் 'ஒரு பேச்சுக்கு' எண்டுதான் சொல்லுவார். நீ யோசி. உறுதி எழுதினது அவர். மஞ்சள் தடவினது ஆர்?"

"வீட்டம்மா."

"கலர் பார்த்தது?"

"வீட்டம்மா."

"இரண்டு அளவு பெரிசு போதும் எண்டு தீர்மானிச்சது?"

"வீட்டம்மாதாங்க!"

"பிறகேன் நாங்கள் காலமையிலயிருந்து ஒரு குடைக்குப் பின்னால திரியிறம்?" நாகேந்திரம் கலியாணக் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பாமன்கடை விலாசம் பொன்னெழுத்தில் இருந்தது.

*

திருமதி நேசமலர் ஸ்ரீஸ்கந்தராசா பலகாரத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கதையைக் கேட்டார்.

"பொட்டலம் போய்ச் சேர்ந்திட்டுது எண்டவரே!"

"சேரேல்லை அம்மா."

"அந்தத் தம்பியை எப்ப பிடிச்சவை?"

"நேத்துப் பின்னேரங்க" என்றான் அழகுமுத்து. "ராத்திரி பூரா ஜன்னல் கம்பியிலதான் இருந்தான்."

நேசமலர் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தார். "நேற்று இவர் மீன்குழம்புக்கு இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கினவர்" என்றார். அதைத் தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

நாகேந்திரம் ஒளிக்கவில்லை. "நீங்கள் வந்தால் பொலிஸ் பேர் எழுதும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போகலாம். சம்பந்தம் குழம்பினாலும் குழம்பும்."

"ஒரு ஜக்கெட்டில தொங்கிற சம்பந்தம் எண்டால் அது எத்தினை நாளைக்குத் தாங்கும்?" நேசமலர் கரண்டியை வைத்தார். டெலிபோனைச் சுழற்றினார். "நான் பொலிசுக்குப் போறன். பில்லின்ர மூலப்பிரதியை எடுத்துக்கொண்டு வாங்கோ. வராட்டி இண்டைக்கு உங்களுக்கு வீட்டில சோறில்லை." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஓட்டோ இரண்டு இடத்தில் மறிக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் அடையாள அட்டை, ஒவ்வோர் இடத்திலும் அதே கேள்வி. அழகுமுத்து எண்ணிக்கொண்டிருந்தது மணியை. மூன்று நாற்பத்தைந்து. மூன்று ஐம்பது.

அவர்கள் வந்து இறங்கியபோது வேன் இஞ்சினை நிறுத்தாமல் நின்றது. சங்கிலியைக் கம்பியிலிருந்து கழற்றி இரண்டு பேர் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். சீனியம்மா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பொலிஸ்காரர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

நேசமலர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நேரே மணல் மூட்டைகளை நோக்கி நடந்தார்.

"நிற்கச் சொல்! நிற்கச் சொல்!" இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பின்னால் மறைந்தார். பொலிஸ்காரர்கள் எல்லோரும் குப்புற விழுந்தார்கள். வேன் சாரதியும் விழுந்தான். சங்கிலியைப் பிடித்து வந்தவர்கள் சங்கிலியை விட்டுவிட்டு விழுந்தார்கள். நின்றுகொண்டிருந்தது நான்கு தமிழரும் ஓர் அம்மாவும்தான்.

அம்மா மூட்டையைத் தள்ளினார். அழகுமுத்து சொன்னபடியே அது சரிந்தது. ஜக்கெட்டைத் தூக்கி, படார் படார் என்று அடித்து மண்ணைத் தட்டினார். ஒவ்வோர் அடிக்கும் முற்றத்தில் ஒரு முனகல் கேட்டது.

"புதுச் சாமானை வெறும் நிலத்தில் போட்டு வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு அறிவில்லையா?" கணக்கு வாத்தியாரின் சிங்களம் சுத்தமாக இருந்தது. "இது என்னுடையது. என் மருமகனுக்கு வாங்கினது."

"ரசாயனம்!" என்றது ஜீப்.

நேசமலர் ஓரத்து மஞ்சளை விரலால் சுரண்டித் தன் கன்னத்தில் பூசினார். "இது ரசாயனம் என்றால், இருபத்தேழு வருஷமாக நான் அதைத்தான் பூசிக் குளிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மெல்ல எழும்பினார். முழங்காலில் மண் தட்டினார். அந்த நேரத்தில்தான் இன்னோர் ஓட்டோ வந்து நின்றது. வியர்த்து விறுவிறுத்து, கறுப்புக் கோட்டோடு ஸ்ரீஸ்கந்தராசா இறங்கினார். பேச வாயைத் திறந்தவர், மனைவியின் கன்னத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு பில்லை மட்டும் நீட்டினார்.

நாகேந்திரம் எல்லை எல்லையாக மொழிபெயர்த்தார். ஒரு கான்ஸ்டபிள் ஒரு கம்பால் ஜக்கெட்டைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தான்.

"வடக்கு?"

"கழுத்துப் பட்டி. இருக்கிறது, சேர்."

"கிழக்கு?"

"குழாய் ஒன்று, பொத்தான் இரண்டு. சரி, சேர்."

மேற்கு எல்லையில் இழுகயிறு ஒன்றை இழுத்ததில் 'புஸ்' என்று காற்றுப் போயிற்று. கான்ஸ்டபிள் மறுபடி விழுந்தான். அதைத் தவிர நான்கு எல்லையும் பிசகில்லாமல் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு ஒழுங்கான பற்றுச்சீட்டைத் தன் சேவைக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். சங்கிலியின் விலங்கு கழன்றது. வேன் வெறுமையாகப் போயிற்று.

"இதைக் கொட்டாஞ்சேனைக்குச் சேர்க்க வேண்டும், இன்றைக்கே" என்றார் நேசமலர்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "வழியில் இன்னும் நான்கு சாவடி இருக்கிறது. பொட்டலமாகக் கட்டினால் நான் பொறுப்பில்லை. சுற்றி மறைத்தால் அது குண்டு, அம்மா. போட்டுக்கொண்டு போனால் சட்டை."

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பிற்று.

"போடுங்கோ" என்றார் நேசமலர்.

"இஞ்சரும், நான் ஒரு அப்புக்காத்து..."

"போடுங்கோ எண்டனான்."

கறுப்புக் கோட்டுக்கு மேலே வாடாமல்லி ஏறியது. மஷூர் காட்டியபடியே அழகுமுத்து வார்களை இழுத்து மாட்டிவிட்டான். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தான். ஜக்கெட் அசையவில்லை. மாப்பிள்ளைக்கு இரண்டு அளவு பெரியது, மாமனாருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

நகரத்தின் பெரிய தெருவான காலி வீதி வழியாக ஊர்வலம் போயிற்று. முன்னால் அப்புக்காத்து, குழாய் வயிற்றில் ஆட. கடை வாசல்களில் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். பின்னால் சங்கிலி, சும்மா நடந்தான். சும்மா நடக்கிறபோது கையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு தரம் பின்னால் கட்டி, இரண்டு தரம் அவிழ்த்தான்.

முதல் சாவடியில் ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் ஜக்கெட்டைத் தொட்டான்.

"யாருடையது இது?"

ஸ்ரீஸ்கந்தராசா திரும்பிச் சங்கிலியைப் பார்த்தார். பழக்கம்.

சங்கிலி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"என்னுடையது" என்றார் அப்புக்காத்து.